ஒரு ஃபிட்டிங்கின் தடிமன்: சிஜி-4ஏ படைக் கிளைடரும் 1943 செயின்ட் லூயிஸ் விபத்தும்

## ஆய்வின் பொருள்

1943 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரின் லாம்பர்ட் விமானத் தளத்தில், படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக அந்த ஊரிலேயே கட்டிய, எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர் ஒன்றைப் பொதுமக்கள் முன் பறக்கவிட்டுக் காட்டினார்கள். நகர மேயர் உட்பட 10 பேர் அதில் ஏறியிருந்தார்கள். இழுவை விமானத்தின் கயிற்றை விட்ட சிறிது நேரத்தில் வலது இறக்கை முறிந்தது. கிளைடர் நேராகத் தரையில் வந்து விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை.

உடைந்தது ஓர் எஃகு ஃபிட்டிங், அதாவது இரண்டு பாகங்களைப் பிணைக்கும் துண்டு. அந்த ஃபிட்டிங் அந்த இறக்கைக்கு வந்து சேர்ந்த கதை இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. யாரிடம் செய்யக் கொடுப்பது, எவ்வளவு விரைவில் வேண்டும், யார் சரிபார்ப்பது என்று அப்போது எடுத்த முடிவுகளிலிருந்து அதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தரவில்லை. அவர்கள் வகித்த பொறுப்பு தெரிந்தால் போதும்.

## பின்னணி: எஞ்சின் இல்லாத விமானம் எதற்கு

1940 மே 10 அதிகாலையில், டிஎஃப்எஸ் 230 என்ற சிறிய கிளைடர்களில் வந்த ஜெர்மன் வீரர்கள் பெல்ஜியத்தின் எபென்-எமேல் கோட்டையின் கூரை மேலேயே இறங்கினார்கள். எண்பது பேர்கூட இல்லை. யாராலும் பிடிக்க முடியாது என்று பெயரெடுத்த அந்தக் கோட்டை மறுநாள் சரணடைந்தது. மற்ற நாட்டுப் படைகள் இந்தச் செய்தியை அக்கறையோடு படித்தன. அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1941 பிப்ரவரியில் கிளைடர் பற்றிய ஆய்வைத் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனி கிரீட் தீவை வானிலிருந்து இறங்கிப் பிடித்ததும் வேலை சூடு பிடித்தது.

கிளைடரின் தேவை கற்பனையானதல்ல. பாராசூட்டில் குதிப்பவர்களைக் காற்று சிதறடிக்கும். இருட்டில் ஒருவரையொருவர் தேடிச் சேரவே நேரம் போய்விடும். ஜீப்பையும் பீரங்கியையும் அன்றைய பாராசூட்டில் இறக்குவது பெரும்பாடு. கிளைடரோ ஓர் அணியை அதன் ஆயுதங்களோடு ஒரே இடத்தில், சத்தமில்லாமல் இறக்கிவிடும். எஞ்சின் கிடையாது என்பதால் செலவும் குறைவு. போன கிளைடர் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற கணக்கிலேயே கட்டலாம்.

இந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு முறை பறந்தால் போதும் என்றாலும், அந்த ஒரு பயணத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மனிதர்கள். பொருள் மலிவு என்ற எண்ணம் வேலை மலிவு என்று மாறிவிட அதிக தூரம் இல்லை.

## வடிவமைப்பு

பதினொரு நிறுவனங்களைக் கேட்டதில் நான்குதான் முன்வந்தன. பெரிய விமான நிறுவனங்களுக்குப் போர் விமானங்களும் குண்டுவீச்சு விமானங்களும் செய்யவே தலைக்கு மேல் வேலை இருந்தது. கடைசியில் நிலைத்தது ஒஹையோ மாநிலம் டிராய் என்ற சிற்றூரின் வாக்கோ நிறுவனம் வரைந்த வடிவம். தனியார் வாங்கி ஓட்டும் இரட்டை இறக்கை விமானங்களைச் செய்துவந்த சிறிய நிறுவனம் அது. அதன் 15 பேர் ஏறும் கிளைடர்தான் சிஜி-4ஏ. 1942-ல் முன்மாதிரி பறந்தது.

வடிவம் நல்ல வடிவம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். விபத்துக்குப் பிறகு பழியை வடிவமைப்பின் மேல் போட்டுவிடுவது எளிது.

உடல் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம், அதன் மேல் துணி. இறக்கை மரமும் பிளைவுட்டும். இறக்கையின் முனைக்கு முனை 25 மீட்டருக்கு மேல் அகலம். வெறும் எடை சுமார் 1,770 கிலோ. ஏறக்குறைய தன் எடை அளவுக்கே பாரமும் ஏற்றிக்கொள்ளும். இரண்டு விமானிகளும் 13 வீரர்களும் போகலாம், அல்லது ஒரு ஜீப், அல்லது 75 மி.மீ. பீரங்கி ஒன்று. விமானிகளின் இருக்கைகளோடு மூக்குப் பகுதி முழுவதும் கீல் வைத்து மேல் நோக்கித் திறக்கும். ஜீப்பை நேராக உள்ளே ஓட்டலாம், இறங்கியதும் நேராக வெளியே ஓட்டலாம்.

இதில் ஒரு நுணுக்கம் மெச்சத்தக்கது. ஜீப்பின் பின்புறத்திலிருந்து ஒரு கம்பிவடத்தைக் கப்பி வழியாக மூக்கோடு இணைத்திருந்தார்கள். தரையில் மோதி ஜீப் முன்னால் பாய்ந்தால் அந்த இழுப்பிலேயே மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், விமானிகள் நசுங்காமல் தப்புவார்கள். இழுவை விமானத்துக்கும் கிளைடருக்கும் நடுவே சுமார் 100 மீட்டர் நைலான் கயிறு; பேசிக்கொள்ள அதன் மேலேயே தொலைபேசிக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். இவ்வளவும் யோசித்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்ல.

இந்த ஆய்வுக்கு முக்கியமான பாகம் இறக்கையின் தாங்குதண்டு. சிஜி-4ஏ-யின் இறக்கை உடலின் மேல்புறத்தில் அமர்ந்திருக்கும். அதன் நடுப்பகுதியிலிருந்து சாய்வாகக் கீழே வரும் தண்டுகள் உடலின் அடிப்புறத்தில் ஒரு ஃபிட்டிங்கில் வந்து சேரும். தரையில் நிற்கும்போது அவை இறக்கையைத் தாங்கி நிற்கின்றன. பறக்கும்போது நிலைமை தலைகீழ். காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, தண்டுகள் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. கிளைடரின் எடையும் உள்ளே இருப்பவர்களின் எடையும் அந்த இழுவிசையில் தொங்குகின்றன. ஃபிட்டிங் விட்டுப்போனால் இறக்கை மேல் நோக்கி மடிவதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. மாற்று வழி இல்லாத இணைப்பு அது. வடிவமைப்பில் அது குற்றமல்ல, அந்தக் காலத்தில் தண்டு வைத்த பல விமானங்களும் அப்படித்தான். ஆனால் அப்படிப்பட்ட பாகத்தை மற்ற பாகங்களோடு சேர்த்து ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

## யாரிடம் செய்யக் கொடுப்பது

எஞ்சின் விமானங்களின் உற்பத்திக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பது தொடக்கத்திலேயே போட்ட நிபந்தனை. போர்க் காலத்தில் அது நியாயமான முடிவு. அதன் விளைவாக, கிளைடர் வேலை விமானத் தொழிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அதன் ஓரத்தில் இருந்தவர்களுக்கும் போனது. முதன்மை ஒப்பந்தக்காரர்கள் 16 பேர். குளிர்பதனப் பெட்டி செய்தவர்கள், பியானோ பாகம் செய்தவர்கள், மரச்சாமான் செய்தவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கிளைடருக்கு 70,000-க்கு மேல் பாகங்கள். அவற்றை இந்தப் பதினாறு பேரும் தங்களுக்குக் கீழே எண்ணற்ற சிறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

விளைவு ஆளுக்கு ஆள் மாறியது. மிச்சிகன் மாநிலம் கிங்ஸ்ஃபோர்டில் ஃபோர்டு நிறுவனம் 4,190 கிளைடர்களைக் கட்டியது. ஒன்றின் விலை ஏறக்குறைய 15,000 டாலர். இந்தியானாவில் ஒரு நிறுவனம் ஒப்பந்தம் ரத்தாகும் முன் முடித்துக் கொடுத்தது ஒரே ஒரு கிளைடர். அதற்கு அரசுக்கு ஆன செலவு 17 லட்சம் டாலருக்கு மேல். போர் முடிவதற்குள் மொத்தம் 13,900-ஐ ஒட்டிக் கட்டி முடித்தார்கள். எண்ணிக்கையாகப் பார்த்தால் பெரிய சாதனை.

பட்டறைத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. மரம் அறுக்கத் தெரிந்தவன் இறக்கைக்குள் விலா எலும்பு போல வரும் மரச்சட்டத்தை அறுக்கக் கற்றுக்கொள்வான், அதில் சிரமமில்லை. சிரமம் அளவில் இருக்கிறது. வீட்டுச் சாமானில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனால் ராவிச் சரிசெய்துவிடலாம். விமான ஃபிட்டிங்கில் டிராயிங் சொல்லும் தடிமன் ஒரு கணக்கின் விடை. அதற்குக் கீழே போனால் அந்தத் துண்டு குப்பைக்கு. இந்தப் பழக்கம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். வராதவர்களிடம் வேலை கொடுத்தால் அந்தக் குறையை ஆய்வாளரைக் கொண்டுதான் ஈடுகட்ட வேண்டும். எந்த ஒப்பந்தங்கள் இந்தப் பட்டறைகளைக் கொண்டுவந்தனவோ அவையே அனுபவமுள்ள ஆய்வாளர்களையும் பற்றாக்குறையாக்கின. உற்பத்தி எல்லா ஊர்களுக்கும் பரவியது, ஆய்வு அதே அளவுக்குப் பரவவில்லை.

## 1943 கோடை: சிசிலி

விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கிளைடர் மீது சந்தேகம் விழுந்திருந்தது. ஜூலை 9 இரவு பிரிட்டிஷ் வீரர்கள் 144 கிளைடர்களில் சிசிலிக்குப் புறப்பட்டார்கள், பெரும்பாலானவை சிஜி-4ஏ. ஒவ்வொன்றும் ஐந்து பெட்டிகளில் வட ஆப்பிரிக்காவுக்கு வந்திருந்தது, அவசரத்தில் பூட்டினார்கள். அவற்றில் பறக்க அந்த விமானிகளுக்குக் கிடைத்த பயிற்சி சராசரியாக நாலரை மணி நேரம். பலத்த காற்று, இருட்டு, கரையிலிருந்து சுடும் பீரங்கிகள். இழுவை விமானங்கள் கரைக்கு வெகு தூரத்திலேயே கயிற்றை விட்டதால் ஏறக்குறைய பாதிக் கிளைடர்கள் கடலில் விழுந்தன. 250 பேருக்கு மேல் மூழ்கி இறந்தார்கள்.

அங்கே கிளைடர்கள் உடைந்து விழவில்லை. பயிற்சியும் திட்டமும்தான் தோற்றன. ஆனால் மேலிடத்தில் கேள்வி எழுந்துவிட்டது: இந்தத் திட்டம் தொடர வேண்டுமா?

## ஆகஸ்ட் 1

செயின்ட் லூயிஸில் கிளைடர் கட்டிய முதன்மை நிறுவனத்துக்கு விமானத் துறையில் பெயர் உண்டு. 1920-களில் செயின்ட் லூயிஸுக்கும் சிகாகோவுக்கும் இடையே விமானத் தபால் ஓட்டிய நிறுவனத்தின் வழிவந்தது அது. தங்கள் ஊரில் செய்த கிளைடரை ஊர் மக்களுக்குக் காட்ட விழா ஏற்பாடானது. ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பயணிகளின் குடும்பத்தினரும் கூட்டத்தில் இருந்தார்கள்.

கிளைடரில் ஏறியவர்கள்: மேயர், வணிகச் சபையின் தலைவர், நகர நிர்வாகத்தின் உயர் அதிகாரிகள், மாவட்ட நிர்வாகத் தலைவர், ராணுவ அதிகாரி ஒருவர், விமானியாக ஒரு கேப்டன், அவருக்கு உதவியாக ஒரு படைவீரர். முதன்மை நிறுவனத்தின் தலைவரும் துணைத் தலைவரும்கூட. பயணிகளிடம் பாராசூட் இல்லை.

சி-47 விமானம் இழுத்துச் சென்றது. ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில் கயிறு விடுபட்டது. கிளைடர் தளத்தை நோக்கித் திரும்பும்போது வலது இறக்கை மேல் நோக்கி மடிந்து பிய்ந்தது. அதற்குப் பிறகு விமானியின் கையில் எதுவும் இல்லை.

நிறுவனத்தின் தலைவரே உள்ளே உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் இந்த விபத்தின் மிக முக்கியமான தகவலாக நான் எடுத்துக்கொள்கிறேன். குறை தெரிந்திருந்தும் மறைத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தெரிந்த மனிதர் தன் ஊர் மேயரையும் அழைத்துக்கொண்டு அதில் ஏறமாட்டார். தன் கிளைடர் நன்றாக இருக்கிறது என்று அவர் மனமார நம்பினார்.

## விசாரணை

போர்க்காலம் என்பதால் முதலில் எழுந்த சந்தேகம் நாசவேலை. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சிதைவுகளில் வலது இறக்கையின் தாங்குதண்டு ஃபிட்டிங் உடைந்திருந்தது. அதை அளந்து பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது: கடைந்தபோது அளவுக்கு மீறி உலோகத்தை எடுத்துவிட்டிருக்கிறார்கள். டிராயிங் கேட்ட தடிமன் அங்கே இல்லை.

அந்த ஃபிட்டிங்கைச் செய்தது முதன்மை நிறுவனம் அல்ல. அதே ஊரில், போருக்கு முன் சவப்பெட்டி செய்துவந்த ஒரு துணை ஒப்பந்த நிறுவனம். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. அது பயங்கரமான ஒற்றுமைதான். ஆனால் அந்த நிறுவனத்தின் பழைய தொழிலில் விபத்தின் காரணம் இல்லை. பியானோவும் குளிர்பதனப் பெட்டியும் செய்தவர்கள் கட்டிய கிளைடர்கள் பறந்து இறங்கியிருக்கின்றன. பழைய தொழிலின் மேல் பழி போட்டால், கேட்க வேண்டிய கேள்வி கேட்காமலே போய்விடும்: செய்த இடத்தைத் தாண்டி, வாங்கிப் பூட்டிய இடத்தைத் தாண்டி, ராணுவம் ஏற்றுக்கொண்ட கட்டத்தையும் தாண்டி அந்தத் துண்டு எப்படி இறக்கை வரை வந்தது?

## தவறு எங்கே நுழைந்தது

லேத்தில் நிற்பவர் ஒரு துண்டைக் கூடுதலாகக் கடைந்துவிடுவது அன்றாடம் நடப்பது. உலகத்தில் எந்தப் பட்டறையிலும் அதை முழுதாக ஒழித்ததில்லை. அதனால்தான் அளந்து பார்க்க ஓர் ஆள் வைக்கிறோம். ஆகவே விபத்தின் தொடக்கம் லேத்தில் அல்ல, அதற்கு அடுத்த மேசையில்.

அளவு பார்க்கும் கருவி அந்தத் தடிமன் மேல் ஒரு தடவை பட்டிருந்தால் போதும், துண்டு ஒதுங்கியிருக்கும். மெலிந்த சுவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் சரியான ஃபிட்டிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. ஓட்டை சரியாகப் பொருந்தும், ஆணி சரியாக நுழையும், பூட்டுகிறவருக்கு எந்தத் தடங்கலும் வராது. இப்படி எல்லாவற்றிலும் சரியாகப் பொருந்தி ஒன்றில் மட்டும் குறையாக இருக்கும் பாகம்தான் மிக ஆபத்தானது. பொருந்தாத பாகம் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தடுத்த கட்டங்களில் இருப்பவர்கள் முந்தைய கட்டத்தின் முத்திரையை நம்புகிறார்கள். பாகம் செய்தவர் தன் ஆய்வாளர் பார்த்தார் என்று அனுப்புகிறார். வாங்கியவர், செய்த இடத்தில் பார்த்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். ராணுவம் முழுக் கிளைடரைப் பார்க்கிறது. பூட்டி வண்ணம் பூசிய பிறகு உள்ளே இருக்கும் தடிமனை யாரும் அளக்க முடியாது. மூன்று கட்ட ஆய்வு என்று தாளில் இருக்கும், உண்மையில் ஒன்றுதான் இருந்திருக்கிறது, அதுவும் தவறிவிட்டது. நிறுவனத் தலைவரின் நம்பிக்கை இப்படித்தான் உருவானது. அந்தத் தடிமன் போதாது என்ற தகவல் யாரிடமும் இல்லை, ஏனென்றால் யாரும் அதை எடுக்கவில்லை.

## பிறகு நடந்தவை

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 4 இரவில், வட கரோலினாவின் லாரின்பர்க்-மாக்ஸ்டன் தளத்தில் படைத் தலைமைக்கு ஒரு செயல்விளக்கம் நடந்தது. கும்மிருட்டில் கிளைடர்கள் பார்வையாளர்களுக்கு முன்னாலேயே வந்து இறங்கின. விளக்கைப் போட்ட பிறகுதான் அவை நிற்பது தெரிந்தது. திட்டம் பிழைத்தது. ஆனால் செப்டம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவின் மார்ச் தளத்தில், எக்ஸ்சிஜி-16 என்ற வேறொரு சோதனைக் கிளைடரில் ஏறிய கிளைடர் திட்டத்தின் தலைவரே இறந்தார். சரியாகக் கட்டாத பாரம் உள்ளே நகர்ந்து கிளைடரின் சமநிலை கெட்டது. அங்கேயும் வடிவம் மட்டும் காரணமல்ல. பறக்கும் முன் கையால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டிய ஒன்றை யாரோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

சிஜி-4ஏ போர் முடியும் வரை பறந்தது. மூக்குக்கு எஃகுக் குழாய்க் கவசம் வந்தது, இறங்கும்போது வேகம் குறைக்கப் பின்னால் பாராசூட் வந்தது. 1944 மார்ச் 5 இரவு அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து பர்மாவுக்குள் போன படையைச் சுமந்ததும் இதே கிளைடர்தான். அன்று ஒவ்வொரு சி-47-ம் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய இரண்டு கிளைடர்களைச் சேர்த்து மலைகளுக்கு மேல் இழுத்தது. பல கயிறுகள் வழியிலேயே அறுந்தன. இறங்கிய இடத்தில் புல்லுக்குள் மறைந்திருந்த பள்ளங்களிலும் மரத்துண்டுகளிலும் மோதிப் பல நொறுங்கின. அதற்குப் பிறகு ஒரு விமானத்துக்கு ஒரு கிளைடர் என்று மாற்றிக்கொண்டார்கள். கிளைடரில் வந்த சிறு புல்டோசர்களைக் கொண்டே ஒரே நாளில் ஓடுபாதை அமைத்து, மறு இரவே சி-47-கள் அங்கே இறங்கின. நார்மண்டி, ஹாலந்து, 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடந்த தாக்குதல் என்று பல இடங்களுக்கு சிஜி-4ஏ போனது. செயின்ட் லூயிஸில் விழுந்த அதே டிராயிங்தான், தடிமன் சரியாக இருந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைத் தாங்கியது.

## எதை மாற்றியிருக்க வேண்டும்

விமானத் தொழிற்சாலைகளுக்கு வெளியே வேலை கொடுத்த முடிவை நான் மாற்றச் சொல்லமாட்டேன். அது இல்லாமல் கிளைடர்களே வந்திருக்காது. மாற்ற வேண்டியது, எல்லாப் பாகத்தையும் ஒரே மாதிரி நடத்திய முறை. 70,000 பாகத்தையும் ஒவ்வொன்றாக அளக்க எந்தப் படையாலும் முடியாது. ஆனால் உடைந்தால் கிளைடரே விழுந்துவிடும் என்ற பாகங்களைத் தனியே பிரித்தால் பட்டியல் சின்னதாகிவிடும். தாங்குதண்டு ஃபிட்டிங் அதில் முதலில் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு துண்டையும் பூட்டுவதற்கு முன், செய்தவரைச் சாராத ஒருவர் அளந்து எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும். ‘சரி’ என்ற முத்திரை போதாது. எண் எழுத வேண்டுமென்றால் அளந்துதான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரண்டு மூன்று ஃபிட்டிங்குகளை இழுவிசை எந்திரத்தில் போட்டு உடைத்துப் பார்த்திருக்கலாம். அளவில் தவறியதையும் உலோகத்தில் உள்ள குறையையும் அது சேர்த்தே சொல்லிவிடும். பழக்கமில்லாத பட்டறைக்குக் கொடுத்த முதல் தொகுதிக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தால் வேலை சில நாள் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆய்வாளர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதும் பெரிய விஷயம். மாதக் கடைசிக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டிய மேலாளருக்குக் கீழே ஆய்வாளர் இருந்தால், ஒரு தொகுதியை நிராகரிக்க அவருக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நம்பி இறக்கையைப் பூட்டக் கூடாது. உற்பத்தியோடு சம்பந்தமில்லாத ஒரு மேலிடம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

செயல்விளக்கப் பறப்புகளுக்குத் தனி விதி வேண்டும். ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றி, விழாவில் பறக்கப்போகும் அதே கிளைடரை முழுப் பாரத்தோடு முதலில் பறக்கவிட வேண்டும். பிறகு தண்டுகளையும் ஃபிட்டிங்குகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும், ஓர் ஊரின் மேயரையும் நிர்வாகிகளையும் நிறுவனத் தலைவரையும் ஒரே கிளைடரில் ஏற்றத் தேவையில்லை. மேயர் தரையில் நின்று பார்த்திருந்தாலும் விழா விழாவாகவே நடந்திருக்கும்.